வெறுந்தேத்தண்ணீருக்கு ஆங்கிலம் என்ன?

வன்னிப் பெருநிலப்பரப்பின் பாடசாலைகள் பலவற்றில் ஆங்கில ஆசிரியர் இல்லாத நாட்கள் அதிகம். அத்தகைய நாட்களில் வகுப்பு வெறுமனே இருந்துவிடக் கூடாதென்பதற்காக, தமிழ் கற்பிக்கும் என்போன்றோரும் ஆங்கிலப் பாடத்துக்கு அனுப்பப்படுவதுண்டு. தர்மபுரத்தில் ஆறாந் தரத்துக்கு அவ்வாறு சென்ற ஒரு நாளில் உணவு என்பது பாடமாக வாய்த்தது. காலையில் உண்டவற்றுள் மூன்றை ஆங்கிலத்தில் எழுதுமாறு பிள்ளைகளைக் கேட்டேன். கொப்பிகளைத் திருத்தியபொழுது, வகுப்பில் அரைவாசிக்கு மேற்பட்டோர் ஒரே விடையையே எழுதியிருந்தமை தெரிந்தது: பாண், பட்டர், முட்டை. அவர்களுட் பெரும்பாலோர் அன்று காலையிற் பட்டரைக் கண்டவர்களல்லர் என்பது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

ஒரு சிறுமி மாத்திரம் ஒன்றும் எழுதாதிருந்தாள். ஏன் என்று கேட்டேன். “வெறுந்தேத்தண்ணிக்கு இங்கிலீசில என்ன ரீச்சர்?” என்றாள். “பிளேன்ரீ” என்றேன். அவள் சிரித்துவிட்டாள். “அது தமிழெல்லோ ரீச்சர். கடையில சொல்லுறது.”

அவளுடைய வினாவையும் மற்றப் பிள்ளைகளின் விடையையும் வைத்துக்கொண்டு, உணவுச் சொற்களை ஆங்கிலத்திற் கற்பிக்கும் முறையைச் சற்று ஆராய்ந்து பார்க்க விரும்புகிறேன். இஃது ஆங்கில ஆசிரியர்கள் தம்முட் பேசித் தீர்க்கவேண்டிய சிறு விடயமென்று சிலர் கருதலாம். நான் அவ்வாறு கருதவில்லை. ஒரு பிள்ளை தன் வாழ்க்கையைப் பற்றிப் பிறமொழியிற் சொல்லும் முதலாவது வாக்கியமே பொய்யாக அமையுமாயின், அந்தப் பொய்யைக் கற்பித்தவர் யார் என்று கேட்கவேண்டியது நம் எல்லோருடைய கடனுமாகும்.

பாண், பட்டர், முட்டை என்று எழுதிய பிள்ளைகள் வஞ்சகம் செய்தவர்களல்லர். கேள்வியின் உட்கருத்தை அவர்கள் மிகச் சரியாகவே விளங்கிக்கொண்டார்கள். கேட்கப்பட்டது அவர்களுடைய காலையைப் பற்றியன்று. சுவரிலே தொங்கும் படத்தைப் பற்றியே. புத்தகக் கடைகளில் விற்கும் அந்தப் படத்தை எல்லோரும் அறிவர். ஆங்கில அரிச்சுவடியின் முதலெழுத்துக்கு அப்பிள். பின்னர் முட்டை, முந்திரிகைக் குலை, ஐஸ்கிறீம் என்று செல்லும். இலங்கையர் உண்ணும் அப்பிள் கப்பலில் வருவது. கிளிநொச்சிச் சந்தையில் அது கிடைக்காமலில்லை. ஆனால் எங்கள் பக்கத்துப் பிள்ளைக்கு அப்பிள் என்றதும் நினைவுக்கு வருவது ஆஸ்பத்திரி. நோயாளியைப் பார்க்கச் செல்வோர் பையிற் கொண்டுபோகும் பழம் அது. ஆனியிலும் ஆடியிலும் காட்டுக்குப் போய், பாலைப்பழம் தின்று, அதன் பால் உதட்டில் ஒட்டிப் பிசுபிசுக்க வீடு திரும்பும் பிள்ளைக்கு, பழம் என்ற சொல்லின் கீழ் அந்தப் பாலைப்பழம் படத்தில் இல்லை, வீரைப்பழம் இல்லை, நாவலும் விளாவும் இல்லை. பிள்ளை இதிலிருந்து அறிந்துகொள்வது யாது? ஆங்கிலத்தில் உணவு எனப்படுவது வேறு யாரோ உண்பது என்பதே.

அப்பிளை அகற்றிப் பாலைப்பழத்தைத் தொங்கவிட்டால் குறை தீர்ந்துவிடும் என்று எண்ணுவோரும் உளர். சீர்திருத்தம் என்ற பெயரில் நம்மிடையே நடப்பவற்றுட் பல இத்தகையனவே. படத்தை மாற்றலாம், நல்லதுதான். ஆனால் கோளாறு படத்தோடு முடிவதில்லை. வாக்கியத்திலும் அது இருக்கிறது.

உணவுப் பாடத்தின் இலக்கணத்தைக் கவனியுங்கள். எனக்கு இது விருப்பம், எனக்கு இது விருப்பமில்லை. உனக்கு எது விருப்பம்? கற்பிப்பதற்கு மிக இலகுவான வாக்கியங்கள். வினைச்சொல் ஒன்று, பெயர்ச்சொற்களை மாற்றி மாற்றிப் பொருத்திக்கொண்டே போகலாம். ஆனால் இந்த வாக்கியத்தைச் சொல்வதற்கு முன் ஒருவனுக்கு ஒன்று வேண்டும்: தெரிவு. மேசை நிறையப் பண்டங்களிருக்க, இதனை எடுத்து அதனை ஒதுக்கும் நிலையில் இருப்பவனுடைய வாக்கியம் அது. கடைக்குள் நிற்கும் வாடிக்கையாளனுடைய வாக்கியம் என்றுஞ் சொல்லலாம். எங்கள் வீடுகளில் உணவைப் பற்றி நாளாந்தம் பேசப்படும் வாக்கியங்கள் வேறு. இருக்கிறது, இல்லை, வந்தது, வரவில்லை, காணும், காணாது. போதும் என்பதற்குக் காணும் என்றும், போதாது என்பதற்குக் காணாது என்றும் நாம் சொல்கிறோமே, இந்த இரண்டு சொற்களுக்கும் உரிய ஆங்கிலச் சொல் மிகச் சாதாரணமான ஒன்று. முதலாம் ஆண்டிலேயே கற்பிக்கத்தக்கது. எனினும் நான் பார்த்த உணவுப் பாடங்களில் விருப்பம் வந்த அளவுக்குப் போதுமை வரவில்லை. சத்துள்ள உணவு, சத்தற்ற உணவு என்று இரு நிரல் போட்டுப் பிரிக்கும் பயிற்சி மாத்திரம் தவறாமல் வரும். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு விளைச்சல் வீழ்ந்ததையும், 2022இல் நாடு முழுவதும் எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்றதையும் கண்ட பிள்ளைகளிடம், சமநிலை உணவின் படத்துக்கு வர்ணந் தீட்டச் சொல்வது எவ்வளவு பெரிய நகைச்சுவை!

சோற்றை எடுத்துக்கொள்வோம். இப்பாடத்தின் வளமும் வறுமையும் சோற்றிலேதான் நன்றாகத் தெரியும்.

கல்மடுக்குளத்து நீரும் இரணைமடு நீரும் பாயும் நிலங்களுக்கு அயலில் வளரும் பிள்ளைகள் இவர்கள். காலபோகம், சிறுபோகம் என்னுஞ் சொற்கள் அவர்களுக்கு நாட்காட்டியின் சொற்கள். வயலில் நிற்பது நெல். களத்தில் தூற்றுவது நெல். அவித்துக் காயவைத்துக் குற்றினால் அரிசி. பிரிந்தது உமியும் தவிடும், உடைந்தது குறுணி, இடித்தால் மா, வறுத்தால் பொரி, ஊறவைத்து இடித்தால் அவல். உலையில் வெந்தது சோறு. நீர் மிகுந்தது கஞ்சி. இரவில் நீரூற்றி வைத்தது பழஞ்சோறு. சுளகு ஒன்றுதான், ஆனால் அதனைக் கையாளும் அசைவுக்கேற்பப் புடைத்தல், கொழித்தல், தெள்ளுதல், நாவுதல் என வினைகள் வேறு. பள்ளிக்கு வருமுன்னரே இவற்றுட் பாதியைக் கண்ணாலும் கையாலும் அறிந்த பிள்ளையை நோக்கி, ரைஸ் என்ற ஒற்றைச் சொல்லைக் கொடுத்து, ‘நான் ரைஸ் உண்கிறேன்’ என்று பத்துமுறை எழுதச் சொல்கிறோம். அதன் அறிவு முழுவதும் வாசலில் நிறுத்தப்பட்டு, மூன்று வயதுப் பிள்ளையின் வாக்கியம் ஒன்று அதன் கையிற் கொடுக்கப்படுகிறது.

ஆங்கிலத்தில் இதற்கெல்லாம் சொல் இல்லை என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். ஆங்கிலேயரும் தானியம் விளைத்த மக்களே. சூடடிப்பதற்கு, தூற்றுவதற்கு, சலிப்பதற்கு, உமிக்கு, தவிட்டுக்கு அம்மொழியிற் பழஞ்சொற்கள் உண்டு. அவித்துக் காயவைப்பதற்கும் ஒரு சொல் உண்டு. ஆனால் அவை உழைப்பின் சொற்கள். பாடநூலின் உணவு, உழைப்பு முடிந்து, விலை ஒட்டப்பட்டு, தட்டில் வந்து அமர்ந்த பின்னரே தொடங்குகிறது. நெல்லுக்கு ஆங்கிலேயர் மலாய் மொழியிலிருந்து ஒரு சொல்லை எடுத்துக்கொண்டனர். அதனை நான் வகுப்பிற் சொன்னபோது பெருஞ் சிரிப்பு எழுந்தது. எங்கள் பேச்சிற் பெடி என்றால் பையனல்லவா? ஆனால் அன்று கற்பித்த சொற்களுள் ஒருவரும் மறவாத சொல் அதுவேயாயிற்று.

இங்கே தர்மபுரத்துக்குரிய இன்னொரு நிலைமையையும் கூறவேண்டும். இவ்வூரார் எல்லோரும் ஒரே தமிழைப் பேசுபவரல்லர். யாழ்ப்பாணத்திலிருந்து காணிக்காக வந்து குடியேறியவர்களின் பிள்ளைகளோடு, 1977இன் வன்செயலின் பின் மலையகத் தோட்டங்களிலிருந்து உயிர்தப்பி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்கின்றனர். ஒரு பிள்ளைக்குத் தேசிக்காய், மற்றதற்கு எலுமிச்சை. ஒன்றுக்குக் கச்சான், மற்றதற்கு நிலக்கடலை. ஒரு வீட்டிற் பிட்டு, மற்ற வீட்டில் ரொட்டியும் சம்பலும். ஆங்கிலச் சொல்லைச் சொல்லித் தமிழிற் பொருள் கேட்டால் இரண்டு விடைகள் வரும். இரண்டில் ஒன்று சரி, மற்றது பிழை என்று ஆசிரியர் முடிவு கட்டிவிடுவார். பிழையாவது பெரும்பாலும் எந்தப் பிள்ளையின் சொல்லென்று நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆங்கிலம் கற்பிக்கும் வகுப்பிலே, தமிழின் பெயரால், ஒரு பிள்ளையின் வீட்டுச் சொல் இழிந்ததாக்கப்படுகிறது. தமிழ்ப் பாடத்திலே இக்குற்றத்தை நானும் செய்திருக்கிறேன். அதனாலேயே இதனை இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது.

இனி, பிளேன்ரீ தமிழ் என்று சிரித்த சிறுமியிடம் வருவோம். அவள் அறியாமையாற் சிரித்தாளா? தேயிலையும் அதன் பெயர்களும் இந்நாட்டுக்கு வந்த வரலாற்றை நோக்கின், அவள் சிரிப்பில் நியாயமுண்டு. தன் நாவிற் புழங்கும் சொல் ஆங்கிலமாக இருக்க முடியாது என்று அவள் கருதினாள். ஆங்கிலம் என்பது கடைக்காரரும் தாயும் பேசாத ஒன்றென அவளுக்கு எவரும் சொல்லிக் கொடுக்காமலே விளங்கியிருந்தது. உண்மையில், ஆங்கிலேயன் ஒருவன் இத்தீவின் உணவைப் பற்றி எழுத முற்பட்டபொழுது அவனே நம் மக்களின் நாவைத்தான் நாடவேண்டியிருந்தது. ரொபேட் நொக்ஸ் என்பான் 1660இற் சிறைப்பட்டுக் கண்டி இராச்சியத்திற் பத்தொன்பது ஆண்டுகள் வாழ்ந்து, 1679இல் மல்வத்து ஓயாவின் கரைவழியே அரிப்புக்குத் தப்பியோடி, 1681இல் இலண்டனில் ஒரு நூலை வெளியிட்டான். ஏழு மாதத்தில் விளையும் நெல்லுக்கு ஒரு பெயர், அதனினுங் குறைந்த காலத்தில் விளைவனவற்றுக்கு வெவ்வேறு பெயர்கள் என்று, தான் குடியானவரிடங் கேட்ட சொற்களையே அந்நூலில் வரிசையாகத் தந்திருக்கிறான். பலாக்காயின் பருவங்களுக்குரிய சிங்களப் பெயர்களையும் தந்திருக்கிறான். ரைஸ் என்ற ஒரு சொல் தனக்குப் போதாதென்பதை அந்த மாலுமி கண்டான். நம் பாடவிதானம் இன்னுங் காணவில்லை. (நொக்ஸ் நெல்லைக் கடன் கொடுத்து ஆண்டுக்கு நூற்றுக்கு ஐம்பது வட்டி வாங்கினான் என்பதையும் அவனே எழுதியிருக்கிறான். நெல்லின் வகைகளை அவன் அவ்வளவு நுணுக்கமாக அறிந்திருந்ததற்கு அதுவும் ஒரு காரணமாகலாம்.)

கறி, கஞ்சி, மாங்காய், ஆப்பம், மிளகுத்தண்ணீர் ஆகியன ஆங்கில அகராதியில் ஏறியிருப்பதைச் சொல்லிப் பெருமிதங் கொள்வது நம்மவரிற் பலருக்குப் பழக்கம். மேடைகளிற் கைதட்டலும் கிடைக்கும். அப்பெருமிதத்தை நான் பிள்ளைகளுக்கு ஊட்ட விரும்பவில்லை. சொற்கள் நல்லெண்ணத் தூது சென்றனவல்ல. போர்த்துக்கேயரின் கப்பலிலும் பின் வெள்ளையரின் படைவீட்டுச் சமையலறையிலுமாகச் சென்றன. யூல், பேர்ணல் என்னும் இருவர் தொகுத்து 1886இல் வெளியான ஹொப்சன்-ஜொப்சன் என்னும் அகராதியிற் கஞ்சியைத் தேடினால், கஞ்சிவீடு என்றொரு தொடரும் கிடைக்கும். இந்தியாவிலிருந்த ஆங்கிலேயப் படைப்பிரிவுகளின் சிறையறைக்கு அது பெயர். அங்கு அடைக்கப்பட்டவனுக்குக் கஞ்சியே உணவு. மிளகுத்தண்ணீர் அதிகாரிகளின் மேசைக்குச் சூப்பாகச் சென்றது. கஞ்சி கைதியிடஞ் சென்றது. சொற்களுக்கும் வர்க்கமுண்டு என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுமா?

கஞ்சியைப் பற்றி எங்களூரில் வேறு விதமாகவும் பேசவேண்டியிருக்கிறது. 2009 சனவரியிற் தர்மபுரத்து மக்கள் இடம்பெயர்ந்து கிழக்கு நோக்கிச் சென்றார்கள். விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று ஒதுங்கி ஒதுங்கி முள்ளிவாய்க்காற் கரையிற் போய் நின்றவர்களுக்கு, இறுதி மாதங்களில் அரிசியும் உப்பும் நீருமாகிய கஞ்சியே உயிர்தாங்கிற்று. இன்று ஆறாந் தரத்திலிருப்போர் அப்பொழுது பிறக்கவில்லை. ஆயினும் ஒவ்வொரு மே மாதத்திலும் தெருவோரத்தில் அக்கஞ்சி காய்ச்சி வழங்கப்படுவதை அறிவர்; சிரட்டையில் வாங்கிக் குடித்துமிருப்பர். 2024 மே மாதத்தில் சம்பூரில் அக்கஞ்சியை வழங்கியதற்காக மூன்று பெண்கள் உட்பட நால்வர் கைதுசெய்யப்பட்ட செய்தியையும் வீடுகளிற் பேசக் கேட்டிருப்பர். கஞ்சி என்பதற்கு அரிசிச் சூப் என்று பொருள் எழுதிப்போட்டு அடுத்த சொல்லுக்குச் செல்வதா? அல்லது, அதே சொல் ஆங்கிலத்திலும் கஞ்சியே என்று சொல்லி, நெல்லையும் சிறையையும் கரையையும் கடந்துவந்த அச்சொல்லை அவர்கள் கையிலேயே விட்டுவிடுவதா? நான் இரண்டாவதையே செய்தேன். விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவேண்டியவற்றை அவர்களுடைய தாய்மார் சொல்லியிருக்கிறார்கள்.

இலங்கையர் பேசும் ஆங்கிலத்தில் இடியப்பத்துக்கும் ஆப்பத்துக்கும் நீண்டகாலமாகவே பெயருண்டு. பிட்டு பிட்டுத்தான், சம்பல் சம்பல்தான். கத்தரிக்காய்க்கும் வெண்டிக்காய்க்கும் முருங்கைக்காய்க்கும் இங்கே வழங்கும் ஆங்கிலப் பெயர்கள் இலண்டனில் வழங்குவனவல்ல. வெறுந்தேத்தண்ணீருக்கு இலண்டனார் கறுப்புத் தேநீர் என்பர். நாம் பிளேன்ரீ என்கிறோம். இவை கொச்சையல்ல, இந்நாட்டு ஆங்கிலம். ஆனால் இந்நாட்டு ஆங்கிலத்தை இந்நாட்டு ஆசிரியரே நம்புவதில்லை. பேராதனை மாணவர்கள் ஆங்கிலத்துக்குக் கடுவ, அதாவது வாள், என்று சிங்களத்திற் பெயரிட்டனர். திரு கந்தையா அவர்கள் 1984இல் எழுதிய கட்டுரையொன்றுக்கு அச்சொல்லையே தலைப்பாக்கினார். வாளாயின் அதன் பிடி ஒருவர் கையிலிருக்கும், கூர் மற்றவர் பக்கம் இருக்கும். 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்ததையும், 1980 முதல் பாடநூல்கள் இலவசமாக வழங்கப்படுவதையும் நாம் நன்றியுடன் நினைக்கிறோம். நூல் இலவசமாக வந்தது. அந்நூலில் ஏழைப் பிள்ளையின் அடுப்பங்கரைக்கு இடமுண்டா என்பது வேறு கேள்வி.

என் கருத்தை ஒரு தாயாரிடம் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. “நீங்கள் படிச்சு உத்தியோகமும் எடுத்திட்டியள் ரீச்சர். என்ர பிள்ளை பிட்டையும் கஞ்சியையும் இங்கிலீசில சொல்லி என்ன செய்யிறது? நாளைக்கு வெளியில போனா அங்கத்தச் சாப்பாட்டின்ர பேரெல்லோ தெரியவேணும்” என்றார். இதற்கு உடனடியாக மறுமொழி சொல்ல என்னால் முடியவில்லை. அவருடைய சகோதரி மத்திய கிழக்கிலே ஒரு வீட்டுச் சமையலறையில் ஆறு ஆண்டுகள் உழைத்தவர். பெயர் தெரியாத பண்டத்துக்காக ஏச்சு வாங்கியவர். அத்தகையோரின் அச்சத்தைப் பிற்போக்கு என்று தள்ளிவிடுவது படித்தவரின் திமிர் அன்றி வேறன்று. அப்பிளும் வேண்டும், சீஸும் வேண்டும், பட்டியல் நீளட்டும். ஆனால் அந்தச் சகோதரிக்கு அங்கே முட்டுப்பட்டது பண்டத்தின் பெயர் மட்டுமா? எனக்கு ஓய்வு காணாது, எனக்குச் சாப்பாடு இன்னுந் தரப்படவில்லை, இதனை நான் செய்து முடித்துவிட்டேன் என்று சொல்லத் தெரியாமல் நின்றதும் உண்டல்லவா? பெயர்களை நூறு கற்றவளும் இந்த வாக்கியங்கள் இல்லாவிடில் ஊமையே. இதனைப் பின்னொரு நாளில் அத்தாயாரிடம் சொன்னேன். “அதுஞ் சரிதான்” என்றார். “ஆனா சோதினையில அது வராதே” என்றும் சொன்னார்.

பெயர்களை அடுக்கும் இந்நோயை ஆங்கிலத்தின் மேல் மாத்திரம் சுமத்துவது நேர்மையாகாது. நம் பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களில் நிகண்டு மனனஞ் செய்யப்பட்டது. அடிசில், அயினி, சொன்றி, பொம்மல், மிதவை, வல்சி என்று சோற்றின் பெயர்களை ஒப்புவித்த பிள்ளைகளுட் பசியோடிருந்தவர் எத்தனை பேர் என்று எந்த நிகண்டும் குறிக்கவில்லை. ஆனால் நிகண்டுக்கு முற்பட்ட இலக்கியம் அப்படிப்பட்டதன்று. பெரும்பாணாற்றுப்படையைப் பாருங்கள். பாணன் செல்லும் வழியில் எயினர் இடும் உணவு ஒன்று, ஆயர் இடுவது மற்றொன்று, உழவர் இடுவது, வலைஞர் இடுவது, அந்தணர் இல்லத்துக் கிடைப்பது என ஒவ்வொன்றும் வேறாகும். உணவின் பெயரைச் சொல்லுமிடத்து அதனை ஆக்கியவர் யார், எந்நிலத்தவர், எத்தொழிலர் என்பதும் உடன் சொல்லப்படுகிறது. புல்லரிசியை நிலத்தைக் கிண்டிப் பொறுக்கும் எயிற்றியரின் கையையும் புலவர் காண்கிறார். பத்துப்பாட்டைப் பல்கலைக்கழகத்திற் பயின்று வந்த நாம், அப்பார்வையை ஆறாந் தரத்து வகுப்புக்குக் கொண்டுவர ஏன் மறந்தோம்?

உண்பதன் சமூக உறவு பள்ளிக்கூடத்துக்குப் புதிய செய்தியுமன்று. யாழ்ப்பாணத்து மிஷன் பாடசாலைகளில் ஆங்கிலங் கற்க வந்த பிள்ளைகள் மிஷன் வளவில் உண்ண மறுத்தமையால், அயற்காணியிற் சமையற்கூடம் அமைக்கவேண்டியிருந்தது. ஆங்கிலம் ஆகும், அவர்கள் வளவுச் சோறு ஆகாது. 1920களின் இறுதியில் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனமும் சம போசனமும் வேண்டுமென்ற நிலை வந்தபொழுது, அதனைப் பொறாதவர்கள் பள்ளிக்கூடங்களுக்குத் தீ வைத்தனர். 1966 ஒக்டோபர் 21இற் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலத்தின் பின், தேநீர்க்கடைகளினுள் நுழைந்து சமமாக அமரும் உரிமைக்காக மக்கள் அடியும் உதையும் பட்டார்கள். அதுவரை அவர்களுக்குத் தேநீர் கிடைத்தது போத்தலில், தகரப் பேணியில், சிரட்டையில். கப், கிளாஸ், போத்தல் என்று ஆங்கிலத்திற் படம் காட்டிக் கற்பிக்கிறோமே, நம் மண்ணில் இவை வெறும் பாத்திரப் பெயர்களாக என்றாவது இருந்தனவா? ஒருவனுக்குக் கோப்பையும் மற்றவனுக்குச் சிரட்டையும் நீட்டிய கைகள் நம்முடையவையே. கஞ்சி குடிக்கும் நாளில் எல்லோர் கையிலும் சிரட்டை இருப்பதைக் காணும்போது எனக்கு இந்த வரலாறும் நினைவுக்கு வரும்.

பிறநாட்டார் இப்பிரச்சினையை எவ்வாறு எதிர்கொண்டனர் என்று நோக்குதல் பயன்தரும். பிறேசிலின் வடகிழக்கிலுள்ள அங்கிக்கோசில் 1963இற் பாவுலோ பிறைரேயும் அவர் தோழரும் ஏறத்தாழ முந்நூறு தொழிலாளருக்கு நாற்பது மணித்தியாலத்தில் எழுத்தறிவிக்க முயன்றனர். பாடநூலோடு அவர்கள் போகவில்லை. முதலில் அம்மக்களின் பேச்சிலிருந்து அவர்களுடைய வாழ்வைத் தாங்கிய சொற்களைத் திரட்டினர். மறுஆண்டு இராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் பிறைரே சிறையிலிடப்பட்டார். சொற்பட்டியலுக்கு அஞ்சும் ஆட்சிகளும் உண்டு. அதே 1963இல் நியூசிலாந்தின் சில்வியா ஆஷ்ரன்-வோர்ணர் தம் ஆசிரிய அனுபவத்தை நூலாக வெளியிட்டார். மாவோரிப் பிள்ளைகளுக்கு வெளியிலிருந்து வந்த வாசிப்பு நூல்கள் ஒவ்வாமையைக் கண்டு, ஒவ்வொரு பிள்ளையும் கேட்ட சொல்லை அட்டையொன்றில் எழுதி அதன் கையிலேயே கொடுத்தவர் அவர். நம் வகுப்பில் நாற்பது நிமிடம் மாத்திரமே உண்டு. ஆயினும் ஒரு சிறுமி தானாகக் கேட்ட சொல்லைக் கொடுக்க நாற்பது நிமிடம் வேண்டியதில்லை.

எங்கள் வகுப்பில் நாங்கள் செய்து பார்த்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காலையில் என்ன உண்டாய் என்ற கேள்வியை விட்டுவிட்டேன். இதனை முதலிலேயே அழுத்திச் சொல்லவேண்டும். பாண், பட்டர் என்ற பொய்யை நீக்கும் ஆர்வத்தில், பிள்ளையை எழுப்பி நிறுத்தி அதன் பட்டினியை வகுப்புக்கு அறிவிக்கச் செய்வது அதனினுங் கொடிது. நம் முற்போக்கு எழுத்திலும் இக்குற்றமுண்டு. வறுமையை வாசகனுக்குக் காட்சிப் பொருளாக்கிவிட்டு யதார்த்தம் எழுதினோம் என்று நிறைவுகொள்ளும் கதைகளை நாம் படித்திருக்கிறோம். ஆகவே உண்டதைக் கேட்காமல், செய்வதைக் கேட்டேன். ஒரு பிட்டு எவ்வாறு பிட்டாகிறது? தேங்காயை யார் திருவுவது? தண்ணீர் எங்கிருந்து வருகிறது? குளத்தில் விராலைப் பிடிப்பது எவ்வாறு? வினைச்சொற்கள் வெள்ளம்போல் வந்தன: ஊறவை, இடி, அரி, குழை, அவி, கிளறு, பகிர், மூடிவை. பலவற்றுக்கு ஆங்கிலச் சொல் எனக்கே தெரியவில்லை; அகராதியைப் புரட்டினேன். குழைத்தலுக்கும் பிசைதலுக்கும் பிள்ளைகள் காட்டிய வேறுபாட்டை அகராதி காட்டவில்லை. அப்படியே விட்டோம். மலையகத்து வழிவந்த சிறுவன் ஒருவன் ரொட்டி தட்டும் முறையைக் கைகளால் நடித்துக் காட்டினான். அவன் அந்த ஆண்டில் ஆங்கில வகுப்பில் வாய்திறந்தது அதுவே முதன்முறை என்று அறிந்தேன். ‘கடையில் எழுதி வாங்குதல்’ என்பதற்கு ஆங்கிலம் கேட்டவள் ஒருத்தி. அதனையும் கரும்பலகையில் எழுதினேன். அவளுடைய வீட்டுக் கணக்கைப் பற்றி ஒன்றுங் கேட்கவில்லை.

தவணைப் பரீட்சை வந்தது. வினாத்தாள் நாங்கள் ஆக்கியதன்று; வெளியிலிருந்து வந்தது. ஆவி பறக்கும் கோப்பையொன்றின் படத்தைப் போட்டு, அதன் கீழே பெயர் எழுதுமாறு கேட்டிருந்தனர். விடைக்குறிப்பில் ரீ என்ற ஒரு சொல் மாத்திரம் இருந்தது. அச்சிறுமி பிளேன்ரீ என்று எழுதியிருந்தாள், எழுத்துப் பிழையின்றி. விடைத்தாளைப் பார்த்த சக ஆசிரியர், “படத்தில பால் விட்டிருக்கோ இல்லையோ எண்டு தெரியேல்லையே, எப்பிடிப் போடுறது?” என்றார். நான் முழுப்புள்ளியையும் போட்டேன். அடுத்த வினா காலை உணவைப் பற்றி மூன்று வாக்கியம் எழுதுதல். அதற்குப் பாண், பட்டர், முட்டை என்ற விடை இம்முறையும் பதினொரு தாள்களில் வந்திருந்தது.